அளவெடுத்த மாதிரி ஒரு கேரியர்

"கேரியர் இல்லாத வண்டியைப் பார்த்தா பாய் வேணாம்னுட்டுப் போயிடுவாருடி," என்றான் அங்கமுத்து.

லப்பைக்குடிக்காட்டு வெங்காய வியாபாரி சைபுல்லா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி பிடித்துவிட்டால் வருசம் முழுக்க லோடு. இல்லையென்றால், புரோக்கர் பேச்சைக் கேட்டு வாங்கிய பழைய லோடு வண்டியை அரும்பாவூர் வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

புதுச் சாமானெல்லாம் அவனுக்குக் கட்டுப்படியாகுமா? பெரம்பலூரில் வைரக்கண்ணுவின் பழைய சாமான் கடையில் ஒரு கேரியர் மலிவாகக் கிடைத்தது. என்ன ஆச்சரியம்! வண்டிக் கூரையில் இருந்த நாலு ஓட்டையில் நாலு போல்ட்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாத்தியா?"

"கூரையில ஓட்டை எதுக்குங்க?" என்றாள் மனைவி மலர்க்கொடி.

வருகிற அதிர்ஷ்டத்தையே கேள்வி கேட்கிறவளிடம் என்ன பேச்சு?

சொந்தக் கொல்லை வெங்காயத்தை ஏற்றி ஓட்டிப் பார்த்தான். கேரியர் கனத்தில் வளைவுதோறும் வண்டி முன்பக்கம் அலைந்தது.

"பின்னாடி கனம் வேணும்ங்க. இரும்பு பம்பர் போட்டுடுங்க," என்றார் வைரக்கண்ணு.

பம்பரும் கச்சிதம். ஆனால் வேகத்தடைக்கு வேகத்தடை உரசி நெருப்பு பறந்தது.

"அப்ப பின்பக்கத்தைத் தூக்கணும். கூடுதலா ஒரு ஸ்பிரிங் பட்டை போடுங்க."

அதுவும் அளவெடுத்த மாதிரி! இப்போது பம்பர் தரையில் உரசவில்லை. வெங்காயம்தான் வண்டியில் தங்கவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளி ரோட்டில் குதித்தது. ஆடு மேய்த்த காத்தாயி மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு, "தெனமும் இப்படியே வாய்யா," என்று வாழ்த்தினாள்.

வெள்ளிக்கிழமையன்று வண்டிக்கு எதிரே குந்தி யோசித்தான். வாங்கிய அன்றைக்கு இது ஒழுங்காகத்தானே ஓடியது? இருந்ததை இருந்தபடி விட நமக்கு ஏன் மனசு வரவில்லை? எல்லாவற்றையும் கழற்றிவிடலாமென்று ஸ்பானரை எடுத்தான். அதற்குள் பாய் வந்துவிட்டார்.

சைபுல்லா கேரியரை ஆட்டினார். பம்பரைத் தட்டினார். குனிந்து பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"புடிக்கலீங்களா பாய்?" என்றான் அங்கமுத்து.

"யா அல்லாஹ்! இது நான் வித்த வண்டியாச்சே! இந்த மூணு முசீபத்தையும் தொல்லை தாங்காம கழட்டி வைரக்கண்ணு கடையில தள்ளுன பொறவுதான்யா வண்டி ஒழுங்கா ஓடுச்சு. ஸ்பானரைக் கொண்டா, மறுபடியும் நானே கழட்டித் தரேன், நாளைக்கு லோடுக்கு வா!"