பெண் பார்க்க வந்தவர்களும் கழிவுநீர்த் தொட்டியும்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு அது வந்த மாப்பிள்ளையையே விரட்டப் பார்த்தது.

ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற வழியில் எங்கள் ஊர். ஊர்க் கழிவுநீர் முழுவதும் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தொட்டியில் இறங்கி, கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாகத் தெளிந்து, கீழே ஓடையில் சேரும். எஸ்டேட் மாடுகள் தண்ணீர் குடிப்பது அந்த ஓடையில்தான். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஊராட்சியில் எனக்குக் கொடுத்திருந்தார்கள். சேலத்தில் பயிற்சியும் உண்டு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தே பாதி உயிர் போனதால், காலைப் பாடம் முழுவதும் மேஜையில் கவிழ்ந்து கிடந்தேன். (அந்தக் காலைப் பாடம்தான் முக்கியமாம். பிறகு தெரிந்தது.)

அப்போதுதான் எனக்கு வரன் வந்தது. ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்திருக்கிறேன், பிடித்தும் இருந்தது. (வீட்டில் மூச்சு விடவில்லை.) ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், தொட்டியின் சேற்று வாடை அவர் மூக்கில் பட்டுவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே கவலை. புதன்கிழமையே களத்தில் இறங்கினேன். ஜல்லியில் வழுவழுவென்று படிந்திருந்ததை எல்லாம் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினேன். தொட்டிக்குள் ஒரு மூட்டை ப்ளீச்சிங் பவுடர், ஒரு கேன் பினாயில். ஊரே ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லேசாக ஒரு நாற்றம் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை அது குடலைப் பிடுங்கியது. பட்டுப்புடவையில் நான் காபித் தட்டோடு வந்து நிற்க, மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?"

"பக்கத்து ஊட்டுல கருவாடு வறுக்கறாங்க," என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தார். "எங்கூட்டுல இன்னிக்கு ரசமுங்க! இது உங்க பொண்ணு தொட்டி கழுவுன லட்சணமுங்க!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சேலத்தில் அந்தக் காலைப் பாடம் எடுத்த இன்ஜினியருக்கு அங்கேயே போன் போட்டேன். என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரலே கேட்கும். நடந்ததைச் சொன்னேன்.

"அடப் பாவமே! அத்தன பேரையும் கொன்னுட்டியேம்மா!" என்று அவர் அலறியதில் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கிருமிகளச் சொல்றேம்மா! அழுக்கத் தின்னு தண்ணியத் தெளிய வெக்கறதே அதுகதான். இப்ப சாக்கடை அப்படியே ஓடைக்குப் போவுது. மொதல்ல ஓடைக்குத் தண்ணி போற வாய அடைச்சிட்டு, தொட்டியில சாணியக் கரைச்சு ஊத்து. புதுசா வளரட்டும்."

எனக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷர் இனி பஸ் ஸ்டாண்டில்கூட என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று தோன்றியது. ஆனால் கீழே மாடுகள் அந்தத் தண்ணீரைக் குடிக்குமே! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினேன்.

"இருங்க," என்று மாப்பிள்ளை எழுந்தார். "ஒரு வாளி சாணி எந்த மூலைக்குங்க? எஸ்டேட் மாட்டுக் கொட்டாய்ல கேட்டு ஜீப்புல கொண்டாந்தர்லாம்."

"டேய் சாமி, ஜீப்புல சாணியா!" என்று அவர் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். வந்தவர் சும்மா நிற்கவில்லை. நான் கரைத்த அழகைப் பொறுக்க முடியாமல், வாளியைப் பிடுங்கித் தானே கரைக்க ஆரம்பித்துவிட்டார்.

தொட்டி தேறச் சில வாரங்கள் ஆயின. சம்மதத்தை மட்டும் அன்று சாயங்காலமே, கைச் சாணி காய்வதற்குள் சொல்லிவிட்டார்கள். (அந்த ஜீப்பில் ஏறிய டூரிஸ்டுகள் வெகுநாள் முகம் சுளித்தது தனிக் கதை.)

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்:

"எங்க மருமவ நொம்ப சுத்தமுங்க. அதான் எங்களுக்குப் பயம்."