லிஃப்ட் குரலில் வேதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லாரும் நலம். அண்ணியின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாக மடங்குகிறது என்று அறிந்து நிம்மதி. உங்கள் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

"நீ நம்ப வேணாம்மா, அவ நம்பறதைக் கலைக்காம இருந்தா போதும், எனக்கப்புறம் இதை வாசிக்க அவதான்" என்று அவளையும் வேதப் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டு வாசலில் கண்கலங்கினீர்கள். அவள் நம்பிக்கை பத்திரமாக இருக்கிறது. ஆபத்தில் இருப்பது என் வீடு.

முதல் நாள் மாலை, தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாக உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நானே வாசித்தேன். அரைப் பக்கம் போவதற்குள் உங்கள் மகள் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டு, "அத்தை, நீங்க லிஃப்ட் பேசற மாதிரி வாசிக்கிறீங்க. சும்மா கேளுங்க" என்று என்னைப் பதவி நீக்கம் செய்தாள். சரி, தொல்லை விட்டது என்று காபியோடு உட்கார்ந்தால், அன்றைய பகுதி அண்டை வீட்டாரை மன்னிப்பது பற்றி. கீழ் வீட்டுப் பல் டாக்டருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தவள், மறுநாள் காலை கீழே இறங்கிப் போய், அவர் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போது, "எங்க அத்தை உங்களை மன்னிச்சிட்டாங்க, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் மேலே வந்தார். "என்ன மேடம், உங்க பூந்தொட்டித் தண்ணி என் சட்டை மேல சொட்டுது, நீங்க என்னை மன்னிக்கிறீங்களா? மன்னிக்கறதா இருந்தா நான்தான் மன்னிக்கணும்!" நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மகள், "அப்ப நீங்களும் மன்னிச்சிடுங்க அங்கிள், வேலை முடிஞ்சிடும்" என்றாள். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று உட்கார்ந்தவர்தான், இப்போது தினமும் மாலை என் சாய்வு நாற்காலியில் அவர்தான் இருக்கிறார், முறை வைத்து வாசிக்கவும் செய்கிறார். அவர் வாசிப்பதைக் கேட்டால் நமக்கு வாயைத் திறக்கத் தோன்றுகிறது.

இதுகூடப் பரவாயில்லை. நேற்று மலைகள் உண்டானதைப் பற்றிய பகுதி வந்தது. கல்லூரியில் பாறையியல் நடத்துகிறவளுக்கு அதில் சொல்ல எவ்வளவோ இருக்கும்; உங்கள் முகத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே, "அத்தை, உங்க மேசையில இருக்கே அந்தக் கல்லு, அதுக்கு என்ன வயசு?" என்றாள். பொய் சொல்ல எனக்கு வராது. "இருநூறு கோடி வருஷம்" என்றேன். பல் டாக்டர் என்னை முறைத்தார். போச்சு, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன். அவளோ கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் பூனையைத் தடவுவதுபோல் தடவினாள். பிறகு, "அடேயப்பா! அவ்ளோ முன்னாடியே ஆரம்பிச்சிட்டாரா? நாம வர்ற வரைக்கும் காத்துக்கிட்டேவா இருந்தாரு?" என்றாள்.

காபி ஆறி ஏடு படிந்தது. வருடம் தவறாமல் அந்த எண்ணை வகுப்பில் சொல்கிறேன். மாணவர்கள் கொட்டாவியோடு எழுதிக்கொள்வார்கள், நானும் கொட்டாவியோடுதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. நேற்றுதான் அது என் காதில் விழுந்தது. இன்று வகுப்பில் அந்த இடம் வந்ததும் 'இருநூறு' என்றவள் 'கோடி' வராமல் நின்றுவிட்டேன். முன் பெஞ்சுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா? எனக்கு என் சாய்வு நாற்காலி வேண்டும், என் சந்தேகங்கள் வேண்டும். ஆகவே கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, உங்கள் மகளையும் புத்தகத்தையும் சேர்த்து அழைத்துப் போகவும்.

அண்ணி விரைவில் படியேறி இறங்கட்டும். குழந்தைக்கு என் ஆசி, உங்களுக்கு வணக்கம்.

அன்புத் தங்கை

பி.கு: உடனே வர வேண்டாம். நாளைக்கு வாசிக்கும் முறையை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்க்கிறேன். குரல் இன்னும் லிஃப்ட் மாதிரிதான் இருக்கிறது.