செத்தவர் வாங்கிய வீட்டுமனை

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இப்போதெல்லாம் காலையில் ஷேர் ஆட்டோ நிற்க இடமில்லை. அங்கே மாடியில் 'வம்ச ஓலை நிலையம்'. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையை, அவர் பிறக்கும் முன்பே யாரோ ஒரு முனிவர் ஓலையில் எழுதி வைத்துவிட்டாராம். பாவம், முனிவருக்கு வேறு வேலையில்லை! அதைப் படித்துச் சொல்பவர் அச்சுதன் குருஜி.

கீழே டோக்கனோடு ஒரு படிவம் தருவார்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள், ஊர், சம்பந்தம் பேசியிருந்தால் அந்த வீட்டு முன்னோர் பெயர், எல்லாம் எழுத வேண்டும். ஓலைக்கட்டைத் தேடுவதற்காம். மாடியில் குருஜி அதே பெயர்களை ராகம் போட்டுப் படிப்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தன் கையால் எழுதிக் கொடுத்ததைத் தானே கேட்டுப் புல்லரிக்க நம்மவர்களால்தான் முடியும்.

துளசிங்கத்துக்கும் புல்லரித்தது. முன்பு நெல் விளைந்த நிலத்தில் இன்று வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். மகள் தீபாவுக்கும் கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஹேமநாத்துக்கும் கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் அடித்தாயிற்று. இருவரும் நாவலூரில் ஒரே ஆபீஸ். 'எதற்கும் ஓலையில் ஒரு வார்த்தை பார்த்துவிடலாம்' என்று போனவருக்குக் குருஜி குண்டு போட்டார்.

"உன் கொள்ளுத்தாத்தன் ரங்கன் 1921-இல் கோவளம் கடற்கரையில் கொலையுண்டான். துடுப்பால் அடித்தவன் எட்டியப்பன். அவன் வம்சத்தில் பெண் கொடுத்தால் உன் வம்சம் அழியும்!"

எட்டியப்பன், ஹேமநாத் வீட்டு முன்னோர். துளசிங்கம் வீட்டுக்கு வந்ததும் கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பரண்மேல் போட்டார்.

"கல்யாணம் கெடையாது. அவ்ளோதான்."

"யாரோ சொன்னாங்கன்னு நிறுத்துவீங்களாப்பா?"

"யாரோ இல்லம்மா, ஓலைல கீது! பேரு, ஊரு எல்லாம் புட்டுப்புட்டு வெக்கிறாரு."

தீபா அன்று முழுவதும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு அவளே டோக்கன் வாங்கினாள். படிவத்தையும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தாள். மாடி நிறையக் கூட்டம்.

"குருஜி, ரங்கன் செத்தது 1921 தானா? கன்ஃபார்மா?"

"ஐப்பசி அமாவாசை. ஓலை பொய் சொல்லாதும்மா."

தீபா பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்.

"1938-ஆம் வருஷம் ஆவணி மாதம், ராஜகீழ்ப்பாக்கம் ரங்கனுக்கு எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம். சாட்சி, கோவளம் எட்டியப்பன், கைநாட்டு." நிமிர்ந்தாள். "ஹேமநாத் வீட்லயும் கேட்டுட்டேன், அவரேதான். செத்துப் பதினேழு வருஷம் கழிச்சு ரங்கன் நிலம் வாங்கியிருக்காரு. கொன்னவரே வந்து சாட்சி போட்டிருக்காரு!"

குருஜி அசரவில்லை. "அது வேறு ரங்கன்."

தீபா அப்பா பக்கம் திரும்பினாள். "வேற ரங்கனாம்ப்பா. அப்போ நம்ம வீடு யாரோடது?"

வம்சம் அழியும் என்றபோதுகூட துளசிங்கத்துக்கு இப்படி வியர்க்கவில்லை.

"யோவ்! அது எங்க மூலப்பத்திரம்யா! எங்க ரங்கன்தான் வாங்குனாரு! எங்க மனைக்கே வில்லங்கம் சொல்றியா? பேஜாராயிடும், சொல்ட்டேன்!"

அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டு பீரோவிலும் ஒரு பத்திரம் இருந்தது. பள்ளிக்கரணை சந்திரிகா எழுந்தாள். "எங்க கொள்ளுத்தாத்தா 1902-ல பாம்பு கடிச்சி செத்தாருன்னியே? 1911 பத்திரத்துல அவரு கைநாட்டு கீதே! இன்னாய்யா கத வுடுற?"

துளசிங்கம் ஓலைக்கட்டைப் பிடுங்கினார். அடியில் செருகியிருந்தது, அன்று காலை தீபா நிரப்பிய படிவம்.

பத்திரிகைக் கட்டு பரணிலிருந்து இறங்கியது. முதல் பத்திரிகையைக் கொடுக்கக் கோவளத்துக்குத் துளசிங்கமே போனார். குருஜி வேறு ஊரில் மாடி தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அரை கிரவுண்டு வாங்கினால்கூட முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறீர்கள். பெற்ற மகளின் வாழ்க்கையை நிறுத்தச் சொல்கிறவனிடம் மட்டும், ஐயா, ஒரு துண்டுக் காகிதமாவது கேட்கக் கூடாதா?