ஃபிளமிங்கோவுக்கு ஒரு தாலாட்டு

"ஏ, இது நம்ம குமாசிப் பாட்டுல்லா!"

பெண்ணின் அப்பா பேச்சிராஜா இப்படிக் கத்தியபோது கேசரி இன்னும் அடுப்பை விட்டே இறங்கவில்லை. தாராவி வீட்டின் முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிவியில், டிராம்பே சேற்றில் ஃபிளமிங்கோக்கள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. பின்னால் ஜம்மென்று ஒரு மெட்டு.

அந்த டாக்குமெண்டரிக்கு மியூசிக் போட்டது சாட்சாத் மாப்பிள்ளை மாரீஸ்வரன். அவன் அப்பா காசிராஜனுக்குக் காட்கோபரில் மளிகைக் கடை. பெண் பார்க்க அவர் நல்ல நேரம் குறித்ததே அந்த நிகழ்ச்சியின் நேரத்தைப் பார்த்துத்தான்.

"என்ன பாட்டு அண்ணாச்சி?" காசிராஜன் சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. பேச்சிராஜாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"கல்யாணத்துக்கு முந்தி நான் கானா நாட்டுல, குமாசிங்கிற ஊர்ல, உல்லாஸ்நகர் சேட்டு ஒருத்தர் துணிக்கடையில வேல பாத்தேன். அங்க துணி மடிக்கிற பொம்பளைங்க பாடுவாங்க. அச்சு அசல் இதே மெட்டு!"

காசிராஜனின் சிரிப்பு சுருங்கியது. "அப்போ எம் மவன் காப்பி அடிச்சான்னு சொல்லுதீரா?"

சமையலறை வாசலில் நின்ற சண்முகவடிவு கணவனைக் கண்ணாலேயே எரித்தாள். வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்தவள் மகள் ஷாலினி. இந்த ஒரு போட்டோவுக்குத்தான் மறுபேச்சு பேசாமல் சரி என்றிருந்தாள். ஆபீஸ் விட்டால் வீடு, சாப்பிட்ட கையோடு மேல்மாடிக்கு ஏறிக் கதவைச் சாத்தித் தூங்கிவிடுகிற பெண். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வந்த நல்ல இடம், அப்பன் வாயால் போகவேண்டுமா?

பேச்சிராஜா சமாளிக்கப் பார்த்தார். "சேச்சே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. காப்பி அடிச்சாலும் நல்ல பாட்டாப் பாத்துத்தானே அடிச்சிருக்காக!"

காசிராஜன் எழுந்தேவிட்டார்.

"இரிங்க, இரிங்க! யோசிச்சுப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் பாடிக் காட்டுதேன், நீங்களே கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஷாலினி கைக்குழந்தையாக இருந்தபோது மடியில் போட்டுத் தூங்கவைத்த பாட்டு. இன்றைக்கும் குளிக்கும்போது பாடுகிற பாட்டு. மெட்டை அங்கே இங்கே வளைத்துவிடலாம் என்றுதான் பார்த்தார், பாழாய்ப்போன தொண்டை கேட்கவில்லை. வரி முடிந்ததும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டொக் டொக்" என்றார். அதே நொடியில் டிவியும் "டொக் டொக்" என்றது.

"பாத்தீகளா, வித்தியா..." என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"போதும் வே!" காசிராஜன் வாயில் அண்ணாச்சி போய் 'வே' வந்துவிட்டது. "எம் மவன் கண்ணு முழிச்சுப் போட்ட மியூசிக்கு இது. ஆப்பிரிக்காப் பாட்டு ஒண்ணுகூட அவன் கேட்டதில்ல. நிரூபியும். இல்லன்னா மன்னிப்புக் கேளும். ரெண்டும் இல்லன்னா நாங்க கெளம்புதோம்."

மாப்பிள்ளை மட்டும் ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். பாவம், திருட்டுப் பட்டம் கட்டினால் யாருக்குத்தான் வேர்க்காது?

பேச்சிராஜாவுக்கு ஒரு யோசனை வந்தது. குமாசிக் கடையில் கூட வேலை பார்த்த குவாமேவுக்கு போன் போட்டார். 'இது எங்க பாட்டு இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஸ்பீக்கரில் போட்டு, போனை டிவிக்கு நேராக நீட்டினார். சுடலைமாடா, அவன் இல்லைன்னு சொல்லணும்!

குவாமே ரெண்டு வரி கேட்டார். மூன்றாம் வரியில் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்.

"எங்க பாட்டேதான்!" என்று இங்கிலீஷில் கூவினார்.

கேசரித் தட்டோடு வந்த ஷாலினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆனா பேச்சி, நடுவுல அது என்ன டொக் டொக்? அந்த இடத்துல நாங்க கைதானே தட்டுவோம்? நாக்கைத் தட்டுற ஆளை இந்த ஊர்ல நான் பாத்ததே இல்லையே!"

காசிராஜன் துள்ளினார். "கேட்டீரா! அந்த டொக் டொக் எம் மவன் சொந்தச் சரக்கு வே, சொந்தச் சரக்கு!"

பேச்சிராஜா போனை மெதுவாக ஸ்டூலில் வைத்தார்.

"இல்ல அண்ணாச்சி, அது என் சரக்கு. மடியில பிள்ளை கெடக்கும்போது கை தட்டுனா முழிச்சுக்கிடும்லா? அதான் நாக்கத் தட்டுனேன். இந்த வீட்டத் தாண்டி அது வேற எங்கயும் கெடையாது."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். ஷாலினி மட்டும் கேசரியைப் பார்த்தாள்.

"மாப்ள, சொல்லுங்க. அத எங்க புடிச்சீங்க?"

மாரீஸ்வரன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, ஆப்பிரிக்காப் பாட்டுன்னு சத்தியமாத் தெரியாது. ரெண்டு வருஷமா ராத்திரி ஷாலினி போன்ல அதைப் பாடித்தான் என்னையத் தூங்க வைக்கா."