படுவான்கரைக்கு வந்த கட்டில்கள்

புளியந்தீவு, மட்டக்களப்பு
1948ஆம் ஆண்டு, மார்கழித் திங்கள்

மதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் அச்சுக்கூடத்து ஊழியர்களும் நற்சுகத்துடன் இருப்பீர்களென நம்புகிறேன். பிறர் பெயரை வாரந்தோறும் கெடுப்பதற்கு நல்ல தேகபலம் வேண்டும். அது தங்களுக்குக் குறைவின்றி வாய்த்திருப்பதைச் சென்ற இரண்டு இதழ்களிலும் கண்டு கொண்டேன். என் சுகத்தைத் தாங்கள் விசாரிக்கப்போவதில்லை ஆதலால் அதைக் கூறாது விடுகிறேன்.

நான் சென்னைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, இவ்வூர்க் கல்லூரியொன்றில் நெடுங்காலமாகத் தமிழும் இலத்தீனும் கற்பித்து வருபவன். நமது பாராளுமன்ற உறுப்பினர் செசீலியா அந்தோனிப்பிள்ளை அம்மையாருக்கு நான் உறவினனல்லன், நண்பனுமல்லன். சென்ற தேர்தலில் அவருக்கு வாக்களிக்கவுமில்லை. நான் வாக்களித்த கனவான் கட்டுப்பணத்தை இழந்து, அன்று தொட்டு வீட்டார் உட்பட எவருடனும் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மையார் ஆசுபத்திரித் தாதியாயிருந்தபோது கூட்டுவோரையும் துணி வெளுப்போரையும் பிணம் சுமப்போரையும் ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்து, வேலை நேரத்தைக் குறைக்கக் கோரி வாசலில் குந்தியிருக்கச் செய்ததை அக்காலத்தில் நான் வன்மையாகக் கண்டித்தேன். தங்கள் பத்திரிகையிலேயே கண்டித்தேன். தாங்கள் அதை முதற்பக்கத்தில் இட்டீர்கள். அக்கருத்தை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே இங்கு நான் கூறுவதைக் கட்சிக்காரனின் கூச்சலென்று ஒதுக்கிவிடத் தங்களால் இயலாது.

அம்மையாரின் பாராளுமன்ற வாழ்வு எத்தகையதென்று தாங்கள் அறியீர்கள். அவர் வீட்டுக்கு எதிரே குடியிருப்பதால் நான் அறிவேன். மனுக் கொண்டுவருவோர், தாதியரை அழைக்கும் மிஸி என்ற பெயராலேயே இன்றும் அவரை அழைத்து, முதலில் நாக்கை நீட்டிக் காட்டுகின்றனர். "மிஸியம்மா, எங்கட வயல் வட்டைக்கு வாய்க்கால் ஒண்டு வெட்டித் தரவேணும், அப்பிடியே இந்தக் கட்டியையும் ஒருக்காப் பாத்துவிடுங்க" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிய ஒருவரை நானே கண்டேன். அம்மையார் முதலில் கட்டியைக் கீறிவிட்டுப் பிறகுதான் வாய்க்காலைப் பற்றிக் கேட்டார். கொழும்பிலும் இதே கதைதானாம். சபையில் அவர் எழுந்து பேசும்போது வெற்றிலைக்கு எழுந்து போகும் உறுப்பினர்கள், ஓய்வறையில் அவரைக் கண்டதும் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்கின்றனராம். ஒரு கனவானுக்கு அவர் ஈரலைப் பற்றி எச்சரித்தார். அக்கனவான் அதை எதிர்க்கட்சியின் மிரட்டலென்று எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவே அம்மையார் ஒன்றையே விடாப்பிடியாகக் கேட்டு வந்தார். தாங்கள் இம்மண்ணில் பிறந்தவராயினும் பிறவாதவர்போல் எழுதியிருப்பதால் விளக்க வேண்டியவனாகிறேன். நமது வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கத்து நிலம் எழுவான்கரை. ஆசுபத்திரியும் கல்லூரியும் தங்கள் அச்சுக்கூடமும் இருப்பது இங்கே. வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கத்து நிலம் படுவான்கரை. நெல்லும் காய்ச்சலும் விளைவது அங்கே. படுதல் என்பதற்கு மறைதல் என்றும் பொருளுண்டு. ஞாயிறு பட்டது என்று நம்மவர் சொல்வதுண்டு. மாரிகாலத்தில் வாவி பெருகி வாடைக்காற்று எழுந்துவிட்டால் சிறு தோணிகள் போவதில்லை. அப்போது படுவான்கரையிலே பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு நோ கண்டு, கிராமத்து மருத்துவிச்சியால் முடியாது போனால், அவள் நீரின் ஓரத்தில் வந்து கிடக்க வேண்டியதுதான். ஆகவே படுவான்கரைக்கு ஓர் இயந்திரப் படகும் அதிலேயே தங்கும் ஒரு மருத்துவிச்சியும் மாரிக்கு முன் வேண்டுமென்று அம்மையார் கேட்டார். ஆங்கிலம் நன்கறிந்தும் தமிழிலேயே கேட்டார். தம்மை அனுப்பியவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒரு நாளாவது பேசியாக வேண்டுமென்பது அவரது பிடிவாதம். அப்பிடிவாதத்தின் விலையை இனிக் கூறுகிறேன்.

அவரது பேச்சை மொழிபெயர்த்த கனவான் தமிழர்தான். ஆனால் நம் வாவியைக் கண்டவரல்லர். படுவான் என்ற சொல்லைக் கேட்டதும் அவர், படுக்கப்போகின்ற ஒருவன் என்று பொருள் கொண்டார். இலக்கணப்படி பிழையில்லை, என் மாணவனாயிருந்தால் முழுப் புள்ளியும் கொடுத்திருப்பேன். அடுத்து அம்மையார் படகு என்றது அவர் செவியில் படங்கு என்று விழுந்தது. கரையிலே படுப்பவனுக்கு மழைக்குப் போர்த்தப் படங்குச்சீலை வேண்டும் என்பது அவருக்கு மிகப் பொருத்தமாகவே பட்டிருக்கும். இயந்திரப் படங்கு என்றொரு பொருள் உலகில் இல்லையாதலால், அம்மையார் வாய் தவறிவிட்டாரெனக் கருணையோடு அச்சொல்லை நீக்கினார். மருத்துவிச்சியைப் புதிதாக நியமிக்க விதியில்லாதபடியால் அவளும் நீக்கப்பட்டாள். களஞ்சியத்தில் படங்கு இருப்பில்லை. யுத்தகாலத்து இரும்புக் கட்டில்கள் கிடந்தன. படுப்பவனுக்குப் படங்கைவிடக் கட்டில் மேலல்லவா? கரை பற்றிய கெளரவ உறுப்பினரின் கோரிக்கை முற்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று சபையில் அமைச்சரிடமிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. அம்மையார் எழுந்து நன்றி கூறினார். கட்டில்கள் புகையிரதமேறிய செய்தி வந்த வாரம் தாங்கள் "படுக்கை கேட்ட பெண்மணி" என்று தலைப்பிட்டு, தாதித் தொழிலை விட்ட பின்னும் அம்மையாருக்குப் படுக்கை ஞாபகம் போகவில்லையெனச் சிலேடை செய்தீர்கள். அச்சிலேடை தங்கள் தரத்துக்கும் சற்றுத் தாழ்ந்தது.

கட்டில்கள் நாற்பதும் சென்ற மாதம் புகையிரதத்தில் வந்திறங்கி, மாட்டுவண்டிகளில் எழுவான்கரைத் துறைக்குக் கொண்டுவரப்பட்டன. கூடவே ஓர் உத்தியோகத்தரும் வந்தார். கரை என்று ஆணையிலிருந்தபடியால் கட்டில்களை அவர் நீரோரத்தில் இரண்டு வரிசையாக அடுக்குவித்து, முதற் கட்டிலுக்கு நாடா கட்டி, அம்மையாரை வெட்டித் திறந்துவைக்க அழைத்தார். வரவேற்புரை வாசிக்க என்னையும் அழைத்திருந்தனர். கட்டில்கள் படகுடன் வரும் உபரியென்றே எண்ணியிருந்த அம்மையார் படகைத் தேடி வாவியைப் பார்த்தார், படகு இல்லை. அவருக்கு முன் வாய் திறந்தவர் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் முகைதீன்பாவா. தேர்தலில் தம் வண்டிகளையும் தோணிகளையும் அம்மையாருக்காகச் சும்மா ஓட்டியவர் அவர்.

"என்ன சேர், கட்டில் வந்திரிக்கி. படகு பொறகால வருதா?"

"படகா? எந்தப் படகு? இது கரையில் படுப்பவர்களுக்கு" என்றார் உத்தியோகத்தர்.

"கரையில எங்கட ஆடுதான் படுக்கும் சேர். ஆட்டுக்கு இரும்புக் கட்டில் குடுக்கிற அரசாங்கம், மாட்டுக்கு மெத்தயும் குடுக்கும். அல்லா ஆயுசக் குடுக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. உத்தியோகத்தர் ஆணையை எடுத்து வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சொற்கள் ஒவ்வொன்றாய் எவ்வாறு புரண்டன என்பது அப்போதுதான் விளங்கியது, அம்மையாருக்கு விளக்கினேன். "அப்ப நான் எதுக்கு அந்தாளுக்கு நன்றி சொன்னன், மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். அந்நேரத்தில்தான் அக்கரையில் ஒரு வெள்ளைச் சீலை அசைந்தது. துறைக்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும்: உயிருக்கு ஆபத்து, தோணி அனுப்புங்கள். காற்று பலத்திருந்தமையால் விடியலிலிருந்து ஒரு தோணியும் போகவில்லை. அக்கரையிலிருந்தோர் விடியலிலிருந்தே அசைத்துக்கொண்டிருந்தனராம். வரவேற்புத் தோரணம் நாங்கள் பார்க்கக்கூடிய பக்கத்தை மறைத்திருந்தது.

அம்மையார் நாடா வெட்டக் கொடுத்திருந்த கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, முகைதீன்பாவாவின் பெரிய தோணியில் ஏறினார். பாவாவே கோலூன்றினார். நீர் இறைக்க ஓர் ஆள் வேண்டுமென்றார், நான் ஏறினேன். இறைப்பதற்கு என் தொப்பியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. வரவேற்புரை நனைந்து போயிற்று. உத்தியோகத்தர் கரையில் நின்று, கத்தரிக்கோல் அரசாங்க உடைமையென்று கடைசிவரை சத்தமிட்டுக்கொண்டிருந்தார். இக்காட்சியில் நகைப்பதற்கு நிறைய இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

அக்கரையில், வெல்லாவெளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த வண்டி நின்றது. வண்டிக்குக் கீழே வைக்கோலில் சீதேவி என்ற பெண் கிடந்தாள். தலைப்பிரசவம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சிறிது நேரமாகியிருந்தது. அம்மையார் மண்ணில் முழந்தாளிட்டு வெகுநேரம் பார்த்தார். கத்தரிக்கோலுக்கு வேலையிருக்கவில்லை, தாயும் சேயும் பிரிக்கப்படாமலே போயிருந்தனர். பெண்ணின் தாய் ஆச்சிப்பிள்ளை அழவில்லை. அம்மையாரைப் பார்த்து அவர் சொன்னதை, தங்களைப் போன்றோருக்கு உபயோகப்படும் என்பதால், ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகிறேன்:

"நீங்க அங்கால கட்டில் அடுக்கினத மகள் விடியப் புடிச்சுப் பாத்துக்கொண்டுதான் கிடந்தவ, மிஸியம்மா. அம்மா, ஆருக்கு அவ்வளவு கட்டில் எண்டு கேட்டவ. உனக்குத்தான் புள்ள எண்டு சொன்னன். வேற என்னத்தச் சொல்ல."

தங்கள் அடுத்த இதழின் தலைப்பு, "விழாவின் நடுவே படகுச் சவாரி." அரசாங்க அதிகாரியை அவமதித்து, கத்தரிக்கோலுடன் மறைந்து, புடவைக் கடைக்காரர் ஒருவருடனும் கல்லூரி ஆசிரியர் ஒருவருடனும் அம்மையார் வாவியில் உலாவச் சென்றார் என்று எழுதியுள்ளீர்கள். அந்தக் கல்லூரி ஆசிரியன் நான். தங்கள் நிருபர் எங்கு நின்றாரென்று விசாரித்தேன். நிழலில், முதற் கட்டிலில் படுத்திருந்தாராம். ஆகவே அக்கட்டில்களால் இதுவரை பயன்பெற்ற ஒரே மனிதர் தங்கள் ஊழியர்.

அம்மையார் இதைப் பற்றி ஒரு வரியும் மறுத்தெழுதவில்லை. சங்கத்தார் ஊர்வலம் போகக் கேட்டனர்; வேண்டாமென்றுவிட்டார். முன்பு அவருக்கு மாலையிட்டவர்கள் இப்போது சந்தையில் அவரைக் "கட்டில் மிஸி" என்கின்றனர். அடுத்த தேர்தலில் அவர் தோற்பார். அது குறித்து எனக்கு வருத்தமில்லை. ஆனால் கேட்காததைக் கேட்டாரென்று தோற்கக் கூடாது. எனவே நான் தங்களிடம் கோருவது இது: அவர் கேட்டது படுக்கையன்று, படுவான்கரைக்குப் படகு என்பதையும், அப்படகு வராமையால் ஒரு பெண்ணும் பிள்ளையும் இறந்தனர் என்பதையும், மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையைச் சொல்லுக்குச் சொல் விளக்கும் இக்கடிதத்துடன், அவ்விரு தலைப்புகளும் வந்த அதே பக்கத்தில், அதே பருமனான எழுத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். இதன் பிரதியொன்று அமைச்சருக்கும் போகும். தவறினால் நியாயஸ்தலத்தில் சந்திப்போம். அங்கே மொழிபெயர்ப்பாளருக்காக நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

தங்கள் குடும்பத்தில் எவருக்கும் மாரிகாலத்தில் வாவியைக் கடக்கும் தேவை நேராதிருக்க ஆண்டவர் அருள்வாராக. துணைவியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
ம. பற்றிக் சவரிமுத்து

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிடும் வேளையில் அம்மையார் வந்தார். என் மனைவி வாய் காக்காதவள். அம்மையார் கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க, மாஸ்டர். அனுப்பிராதீங்க."

காரணம் கேட்டேன்.

"படுவான்கரை எண்டா என்னெண்டு கொழும்புக்கு இப்ப விளங்கினா என்ன செய்வாங்க? பிழையா அனுப்பிப்போட்டம் எண்டு கட்டிலைத் திருப்பி ஏத்திருவாங்க. படகும் வராது. இப்ப அது அரசாங்கச் சாமான், கரையில கிடந்து துருப்பிடிக்குது. கூரை போட்டுத்தான் ஆகணும். ஆணையில எந்தக் கரையெண்டு இல்ல. அத அங்கால கரையில போட வைக்கிறது என்ட பாடு. கட்டிலும் கூரையும் இருந்தா அது ஆசுபத்திரி வாட்டு. வாட்டு இருந்தா நேர்ஸ் வந்துதான் ஆகணும். வாட்டு அங்கால இருந்தா மறுகா படகு எதுக்கு?"

"உங்கள் பெயர்?" என்று கேட்டேன்.

"என்ட பேர்லயா ஒருத்தி புள்ள பெறப்போறாள்?"

எனவே, மேலே நான் எழுதிய அனைத்தையும் மீட்டுக்கொள்கிறேன்; தாங்கள் ஒருவராவது உண்மையை அறிந்திருக்க வேண்டுமென்றே அதைக் கிழிக்காது அனுப்புகிறேன். எதையும் வெளியிட வேண்டாம். அமைச்சருக்குப் பிரதியும் போகாது. அதற்குப் பதிலாக இதை வெளியிடுமாறு அம்மையார் வேண்டுகிறார்: கெளரவ உறுப்பினர் கேட்டது படுக்கைகளே, அவை கூரையின்றி மழையில் துருப்பிடித்து அரசாங்கத்துக்குப் பெருநட்டம் விளைகின்றது. ஒரு பெண் இறந்தமைக்கு வராத பதைப்பு இரும்பு துருவேறும்போது மேலிடத்துக்கு வந்துவிடும் என்பது அவரது கணிப்பு. தங்களுக்கும் வந்துவிடும் என்று நான் அவருக்கு உறுதியளித்திருக்கிறேன். "கட்டில் மிஸி" என்பதையும் தாங்கள் தாராளமாகத் தலைப்பில் இடலாம். சீதேவியின் பெயரை மட்டும் இட வேண்டாம்.