அயன் போடலாம், உங்களுக்கு மட்டும்

மெல்பேர்னில் மின்சாரம் விற்கிறவர்களைப் போல விடாப்பிடியான மனிதர்களை நான் கண்டதில்லை. சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். "இப்போதிருக்கும் கொம்பனியை விட்டு எங்களிடம் வாருங்கள். இந்தச் சலுகை உங்களுக்கு மட்டும்" என்பான் ஒருவன். அவனை அனுப்பிவிட்டு அடுத்த பிடி வாய்க்குப் போகமுன் இன்னொரு கொம்பனி. எரிச்சல் தலைக்கேறும், ஆனால் திட்ட வாய் வராது. (திட்டினால் சிரிப்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.) இவர்கள் பிறக்க முன்னரே திருகோணமலையில் இதே தொழிலைச் செய்து, ஓர் ஒழுங்கையையே இருட்டாக்கியவன் நான்.

சண்டைக் காலம் அது. நகரத்துக்கு வரும் மின்கம்பிகள் கந்தளாய்ப் பக்கம் எங்கோ அறுந்து விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. துறைமுகத்துக்குள் நின்ற கடற்படைக் கப்பல்களில் மட்டும் கலியாண வீட்டு வெளிச்சம். ஊருக்குள் ஜெனரேற்றர் வைத்திருந்தவன்தான் மின்சார சபை. எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் அரைக்கிற மில் நடத்திய கிண்ணியா ஹனீபா நானா, வீட்டுக்கு வீடு வயர் இழுத்து ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கரண்ட் விற்றார். வீட்டுக்கு இரண்டு பல்பு. வேறு எதைக் கேட்டாலும் "ஏலா" என்ற ஒரே பதில்தான். யாராவது உடுப்பு அழுத்தக் களவாக அயன் போட்டால் அவருடைய எஞ்சின் முக்கும். உடனே சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்று, "ஆரு அயன் போட்ட? கழட்டுங்க" என்பார். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர்மேல் கடுப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் ஒரு ஜெனரேற்றர் வாங்கினார். சவூதியில் உழைத்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. அக்காவுக்கு முதற்பிள்ளை வயிற்றில். "இது சரிவராட்டி நான் திரும்பச் சவூதிதான்" என்று அத்தான் சொன்னபோது, அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். ஏ.எல். சோதனை முடித்து வீட்டில் சும்மா கிடந்த எனக்கு ஆள் பிடிக்கும் வேலை தரப்பட்டது.

"பல்பும் ரிவியும் எண்டு மட்டும் சொல்லு. அயன் எண்ட கதையே எடுக்காதை" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான்" என்றேன்.

முதல் வீடு மங்களா ரீச்சர் வீடு. ரீச்சர் சிரட்டைக் கரிப் பெட்டியால் பிள்ளைகளின் வெள்ளை யூனிபோமை அழுத்திக்கொண்டிருந்தார். கொலரில் கரி கொட்டிவிட்டது. என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அயன் போடலாமோ?" என்று கேட்டார்.

ஏலாது என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட வேண்டாம். ஆனால் அந்தக் கரிபட்ட கொலரைப் பார்த்ததும் என் வாய் தானாக வேலை செய்தது. "போடலாம் ரீச்சர். உங்களுக்கு மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

ரீச்சர் அந்த இடத்திலேயே ஹனீபா நானாவைக் கைவிட்டார். வியாபாரத்தின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் குரலைத் தாழ்த்தி, மதிலுக்கு அப்பால் ஒரு பார்வை பார்த்து, இதையே சொன்னேன். ஒரு வீடுதானே என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்தேன். (கணிதத்தில் எனக்கு என்ன பெறுபேறு வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.) மூன்று நாளில் முக்கால்வாசி ஒழுங்கை எங்கள் பக்கம். அத்தான் என் முதுகில் தட்டினார். அக்கா எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள்.

எங்கள் ஒழுங்கையில் அதுவரை எந்த ரகசியமும் ஒரு பொழுது தாண்டி நின்றதில்லை. ஒரு வீட்டில் கறி தீய்ந்தால் மற்ற வீட்டில் அதற்குக் காரணம் சொல்வார்கள். அப்படிப்பட்ட சனம் என்னுடைய ரகசியத்தை மட்டும் கோயில் நகை மாதிரிக் காத்தது. ஒருவராவது வாய்விட்டிருந்தால் அத்தான் தப்பியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அத்தான் கற்பூரம் காட்டி எஞ்சினை முடுக்கினார். ஒழுங்கை முழுக்க வெளிச்சம் வந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தாள். மறுநாள் பள்ளிக்கூடம், ஏழு மணிக்கு ரிவியில் படம். ஆகவே அதற்கு முன் அழுத்தி முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவு செய்திருந்தது.

எஞ்சின் முக்கியது. பல்புகள் சிவந்து சுருங்கின.

"ஆரோ அயன் போட்டிட்டினம்" என்றார் அத்தான்.

நான் ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "ரீச்சர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

"நீர்தானே எனக்கு மட்டும் எண்டு சொன்னீர்?"

"எனக்கு மட்டும் எண்டெல்லோ சொன்னவர்" என்றது மதிலுக்கு மேலாக ஒரு தலை. அதன் கையில் பாதி அழுத்திய சேட். எதிர்வீட்டிலிருந்து ஒரு பாவாடை வந்தது. பக்கத்தில் ஒரு காற்சட்டை. ஆளாளுக்கு அரைகுறை உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் கூடி, எனக்கு மட்டும், எனக்கு மட்டும் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நேரம் எங்கள் வளவுக்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டது, தொடர்ந்து கருகல் மணம், பிறகு இருட்டு. சந்திச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் வெடிச்சத்தம் என்றதும் ரோச் லைற் அடித்தான். சனம் விழுந்தடித்து வீடுகளுக்குள் புகுந்தது.

இருட்டில் ஹனீபா நானாவின் எஞ்சின் மட்டும் முக்காமல் முனகாமல் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒரு கை மடிப்போடும் மறு கை கசங்கியும் பள்ளிக்கூடம் போனார்கள். செவ்வாய்க்கிழமை எல்லோரும் நானாவிடம் திரும்பினார்கள். முதலில் போனது என் அம்மா.

ஜெனரேற்றரின் செப்புக் கம்பிக் கொயில் எரிந்துபோயிருந்தது. அத்தான் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேரே சவூதிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போய்வந்தார். பயணச் சட்டையை அக்கா கரிப் பெட்டியால்தான் அழுத்தினாள். அழுதுகொண்டே அழுத்தியதில் பொக்கற்றடியில் கரி கொட்டியது. அத்தான் அதைப் போட்டுக்கொண்டே போனார். மகன் பிறந்ததைப் படத்தில்தான் பார்த்தார். அக்கா என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

உண்மையான கரண்ட் திரும்பி வந்த அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள். பிள்ளையின் சட்டையும் கையுமாக, அயன் பிளக்கைத் தூக்கிப் பிடித்தபடி, முகத்தில் சிரிப்பின்றி என்னைக் கேட்டாள். "தம்பி, போடட்டோ? எனக்கு மட்டும்தானே?"

நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சிரித்தாள்.

இப்போது அவர்களும் மெல்பேர்னில்தான், எங்களோடு. மின்சாரம் விற்கிறவன் போன் எடுத்தால் நான் அத்தானிடம் நீட்டிவிடுவேன். அவர் அவன் சொல்வதை முழுக்கப் பொறுமையாகக் கேட்பார். கடைசியில், அவன் 'உங்களுக்கு மட்டும்' என்றதும், தனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஒரேயொரு கேள்வி கேட்பார்: "தம்பி, இந்த றோட்டில் இதை எத்தனை பேருக்குச் சொன்னனீர்?"