மீரான்துறை நோய்த் தடைக் குழுவின் இருபதாவது கூட்டம்

தடையை இறுக்கினால் நோய் குறையுமா, குறையாதா என்று உலகத்துப் பெரிய மூளைகள் எல்லாம் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. பாவம், மீரான்துறைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிழக்கிலங்கையில், கல்முனைக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கும் இந்தச் சிற்றூர், சூறாவளி அடித்த அடுத்த வருடமே அந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டது. பத்தொன்பது கூட்டங்களும் பத்தொன்பது ஆட்டுக் கிடாய்களும் செலவாயின. விடை முழுவதும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில், செயலாளர் முத்தலிபின் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது.

சூறாவளியில் ஊர்க் கிணறுகளுக்குள் விழாத பொருள் இல்லை. மாசி மாதம் பிறந்ததும் நான்கு பேருக்கு வயிற்றோட்டம் கண்டது. பாண்டிருப்பில் இருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. நல்லரெத்தினம் மோட்டார் சைக்கிளில் வந்து, பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிங்க. சாப்பிட முதல் சவுக்காரம் போட்டுக் கையக் கழுவுங்க. ஆருக்கும் வருத்தம் வந்தா உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' ஊர்ப் பெரியவர்களின் மனதைப் புண்படுத்திவிட்டது. இவ்வளவு பெரிய ஊருக்கு வந்த நோயை ஒரு சவுக்காரக் கட்டியோடு முடித்துவிடப் பார்க்கிறாரே! மீரான்துறையில் ஏழு குடிகள். குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஏழு மரைக்கார்மார். ஏழு பேரும் அன்றைக்கே கூடி 'நோய்த் தடைக் குழு' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். நெல் ஆலைக்காரர் கச்சிமுகம்மது மரைக்கார் தலைவர். அவர் எதைச் சொன்னாலும் முப்பது வருடமாக எதிர்த்து வரும் மீராசா மரைக்கார், இதிலும் எதிர்ப்பதற்காகவே உறுப்பினரானார். பாடசாலையில் இலிகிதராகக் கணக்கு எழுதி வந்த முத்தலிபைச் செயலாளராக்கினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மரைக்கார்மார் வரிசையில் அவருடைய குடும்பத்தில் அதுவரை எவரும் உட்கார்ந்ததில்லை.

குழுவின் ஒழுக்கத்தை இங்கே போற்றாமல் விட்டால் பாவம். மீரான்துறையில் ஒரு கூட்டம் கூட்டமாக மதிக்கப்பட வேண்டுமானால் முடிவில் சஹன் வைக்க வேண்டும். பெரிய வட்டத் தட்டு நிறைய நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவது. ஆறு பேருக்கான சஹனில் ஒற்றுமை கருதி எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். கை கழுவுவதற்குப் படிக்கக் கிண்ணத்தை ஏந்தி, கெண்டியால் விரல் நுனிகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்க்கப்பட்டது. தண்ணீர், பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர். எஞ்சிய சோறு வாழையிலையில் பொதி கட்டப்பட்டு, நார்சா என்று உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போனது. பரக்கத்தான, இறையருள் இறங்கிய சோறு, வீணாக்கக் கூடாது.

முதலாம் தீர்மானம் தேத்தண்ணிக் கடைகளை மூடியது. இரண்டாம் தீர்மானம் மீன் சந்தையை மூடியது. மூன்றாம் தீர்மானம் கல்யாண வீடுகளிலும் கந்தூரி விருந்துகளிலும் சஹன் வைப்பதைத் தடை செய்தது. பலர் ஒரே தட்டில் உண்பது நோய்ப் பரவலுக்கு ஏதுவாகும் என்று காரணமும் எழுதப்பட்டது. எட்டுக் கைகளும் அப்போது சஹனுக்குள் இருந்ததால், அந்தத் தீர்மானம் தலையசைப்பின் மூலம் ஏகமனதாக நிறைவேறியது.

நோயும் சும்மா இருக்கவில்லை. நாலாக இருந்தது ஒன்பதாகி, ஒன்பது பதினேழானது. அங்கேதான் மாபெரும் விவாதம் தொடங்கிற்று.

"தடை காணாது. இன்னம் இறுக்கோணும்" என்றார் தலைவர்.

"கணக்கப் பாருங்க மரைக்கார்" என்றார் மீராசா. "தடை போட முன்ன நாலு பேரு. போட்ட பொறகு ஒம்பது. இன்னமொண்டு போட்டம், பதினேழு. தடைதான் நோயக் கூட்டுது!"

"தடை போடாட்டி இன்னம் கூடியிரிக்கும்!"

"போடாட்டி எப்பிடிக் கூடும்?"

"கூடாதெண்டா நாம எதுக்கு மரைக்கார் தடை போட்டம்?"

'தலைவர் தர்க்க ரீதியாக விளக்கமளித்தார்' என்று முத்தலிப் எழுதிக்கொண்டார்.

நோயாளிகளின் பெயர்களை எழுதுகிறவரும் அவரே என்பதால் ஒரு விடயம் அவர் கண்ணில் பட்டது. பதினேழு பேரில் பதினான்கு பேர் மரைக்கார்மாரின் வீட்டு ஆட்கள். ஒரு நாள் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"மரைக்கார், வருத்தம் வந்த ஆக்கள் கூடுதலா நம்மட குழு ஆக்கள்ட ஊடுகள்லதான்…"

"நம்மட ஊட்டாக்கள் வெளிய வாசல்ல போறல்ல" என்றார் தலைவர், ஒரு எலும்பைத் தட்டியபடி. "அப்ப நோய் வெளிய இருந்துதான் வந்திரிக்கி. எழுதுங்க தம்பி, ஏழாந் தீர்மானம். ஊர் எல்லைல கயிறு கட்டோணும். பாஸ் இல்லாம ஒரு சனம் உள்ளுக்கும் வரப்படா, வெளியயும் போகப்படா."

மரைக்கார்மார் பொதுப் பணியில் இருப்பவர்கள் என்பதால் அவர்களுடைய கார்களுக்கு இத்தடை பொருந்தாது என்று ஒரு துணைப் பிரிவும் சேர்த்தார்கள். முத்தலிப் எழுதினார். செயலாளருக்குக் கையெழுத்து இருக்க வேண்டும், கருத்து இருக்கக் கூடாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பதினோராம் தீர்மானம்தான் மணிமகுடம். நோய் கண்ட வீட்டின் வாசல் கடப்படியில் கயிறு கட்டி, பதினான்கு நாள் எவரையும் வெளியே விடக் கூடாது. அரிசி, விறகு, தண்ணீர் எதுவும் உள்ளே போகக் கூடாது. அறிவித்த மறுவாரமே அதிசயம் நடந்தது. நோய் கண்டதாகச் சொல்ல ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. இரவிரவாகப் பின்வளவுக்கு ஓடியவர்கள் எல்லாம் பகலில் சிரித்த முகத்தோடு கடப்படியில் நின்றார்கள். பத்தொன்பதாவது கூட்டத்தில் முத்தலிப் எழுதினார்: 'நோயாளர் தொகை: பூச்சியம்.' தடையின் வெற்றியை விளக்கி அம்பாறையில் உள்ள மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குக் கடிதம் போயிற்று. இருபதாவது கூட்டத்தை நன்றிக் கந்தூரியாக நடத்துவது என்றும் முடிவாயிற்று.

அந்தப் பத்தொன்பதாவது கூட்டத்து நார்சாவை முத்தலிப் வீட்டுக்குக் கொண்டுபோய், ஆறு வயது மகள் பரீனாவுக்குத் தன் கையாலேயே ஊட்டிவிட்டார். பிள்ளை இறைச்சித் துண்டுகளைத் தேடித் தேடித் தின்றது.

கந்தூரி நாள் காலையில் பரீனாவால் எழும்ப முடியவில்லை. விடிவதற்குள் பத்துத் தடவை போய்விட்டது. உதடு காய்ந்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள்.

"இஞ்சப் பாருங்க, புள்ளைட கண் உள்ளுக்குப் போயிட்டு" என்றாள் மனைவி சுபைறா. "கொண்டு போவம், ஆஸ்பத்திரிக்கு."

"பாஸ் வேணும்."

"பாஸ் எழுதுற ஆள் நீங்கதானே?"

"எழுதுறது நான். ஒப்பம் தலைவர்ட. அதில காரணம் எண்டு ஒரு இடம் இரிக்கி. வயித்தோட்டம் எண்டு எழுதினா ஊர்ல நோய் இரிக்கிண்டு ஆகிரும்."

"இல்லையா?"

"தீர்மானப்படி இல்ல."

சுபைறா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பல்லுக்குத்து எண்டு எழுதுங்க. பேய் புடிச்சிட்டு எண்டு எழுதுங்க. எதையாலும் எழுதி ஒப்பத்த வாங்கிட்டு ஓடி வாங்க. பகல் லுஹருக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் பாப்பன். அதுக்குப் பொறகு பாக்கமாட்டன்."

முத்தலிப் ஓடினார். பள்ளிவாசல் மண்டபத்தில் சஹன் வைத்தாயிற்று. தலைவரின் முகம் அன்றைக்குக் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.

"மகளுக்கா? இண்டைக்கா?" என்றார் அவர். "நோய் இல்லண்டு கச்சேரிக்குக் கடதாசி போயிட்டே தம்பி! ஒரு ரெண்டு நாள் பொறுத்து வந்தா என்ன?"

"வந்திட்டே மரைக்கார். புள்ள கண் முழிக்கிறாளில்ல."

"ஒப்பம் வெப்பம், ஆரு இல்லண்ட? முதல்ல இரிங்க. கந்தூரிச் சோத்த உட்டுப்போட்டு எழும்பிப் போனா ஊர் என்ன கதைக்கும்?"

சஹனில் உட்கார்ந்தால் எல்லோரும் சாப்பிட்டு முடியும் வரை எழும்புவது மரியாதை இல்லை. முத்தலிப் மரியாதை தெரிந்த மனிதர். உட்கார்ந்தார். சோற்றுக்குள் கையை வைத்தார். மகளின் காய்ந்த உதடுதான் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் உட்கார்ந்துதான் இருந்தார். பக்கத்தில் மீராசா மரைக்கார், தான் தடைகளை விடாமல் எதிர்த்து வந்ததனால்தான் நோய் பூச்சியமானது என்று புதிய வாதம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். தலைவர் அதை மறுப்பதற்கு வாயைத் திறப்பார். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போவார். மூன்று தடவை இப்படிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததாக எவரும் காட்டிக்கொள்ளவில்லை.

லுஹர் பாங்கு ஒலித்தது. முத்தலிபின் காதில் அது தெளிவாக விழுந்தது. விழுந்தும் அவர் எழும்பவில்லை.

ஒப்பத்தோடு வீட்டுக்கு ஓடியபோது வீடு திறந்து கிடந்தது. ஊர் எல்லைக்கு ஓடினார். அங்கே காவலுக்கு நின்ற பதியுதீனின் கையில் அறுந்த கயிற்றின் ஒரு துண்டு இருந்தது.

"உங்கட மனிசி கத்தியால அறுத்துப்போட்டுப் போயிட்டா. பாண்டிருப்பு வேலப்போடிட உழவு மிஷின் வந்திச்சு, மறிச்சு ஏறிட்டா" என்றான் அவன். "பாஸ் கேட்டன் முத்தலிப் காக்கா. 'பாஸ் எழுதுற மனிசன் சோத்துக்குள்ள கைய வெச்சிட்டு இரிக்கார், எடுத்த பொறகு அவரிட்டயே கேளு' எண்டா."

கல்முனை ஆஸ்பத்திரியில் பரீனாவின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சுபைறா கணவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முத்தலிப், சுற்றிலும் பார்த்த பிறகுதான் வார்டை அடையாளம் கண்டார். அடுத்த கட்டிலில் தலைவரின் பேரன், வந்து நாலு நாளாம். அதற்கடுத்த கட்டிலில் மீராசா மரைக்காரின் மருமகள். அப்பால் இன்னும் மூன்று மரைக்கார்மாரின் வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் துணைப் பிரிவின் துணையோடு, கண்ணாடி ஏற்றிய கார்களில் வந்தவர்கள்.

மிஸி எனப்படும் தாதி ஒருத்தி பதிவுக் கடதாசியோடு வந்தாள். "எந்த ஊர்? அங்க எத்தின பேருக்கு வருத்தம்?"

"மீரான்துறை" என்றார் முத்தலிப். வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. "எங்கட ஊர்ல நோய் இல்ல மிஸி."

"ஓம் மிஸி" என்றாள் சுபைறா, அந்த நீண்ட வரிசையைக் கையால் காட்டி. "ஊர்ல இல்ல. முழுக்க இஞ்சதான் இரிக்கி."

பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர் தலைவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரைத் தொடர்ந்து மீராசா மரைக்கார். அதன் பிறகு இரண்டு பேர், இன்னும் ஒருவர். அடுத்தடுத்த கட்டில்களில் ஐந்து மரைக்கார்மார் சேர்ந்துவிட்டதால், சேலைன் போத்தலின் கீழ்ப் படுத்தபடியே தலைவர் இருபதாவது கூட்டத்தின் மீதியை ஆரம்பித்துவைத்தார்.

"எழுதுங்க தம்பி. ஊர்ல நோய் இல்ல. ஆஸ்பத்திரி நெறைய நோய். அப்ப நோய் பரவுறது இஞ்ச இருந்துதான். இனி நம்மட சனம் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரப்படாதெண்டு தடை போடோணும்."

"எதிர்க்கிறன்" என்றார் மீராசா மரைக்கார், பலவீனமான குரலில்.

முத்தலிப் கொப்பியைத் திறந்தார். கழுவியும் போகாத நெய் வாசம் விரல்களில் இருந்தது. பரீனா கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டாள். சுபைறா கொதித்தாறிய நீரைக் கரண்டியால் பருக்கினாள். அந்தச் சிறிய தொண்டை ஒவ்வொரு கரண்டிக்கும் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முத்தலிப் எழுதத் தொடங்கினார். செயலாளரான நாளில் இருந்து எவரும் சொல்லாமல் அவர் எழுதியது அந்த ஒரு குறிப்பைத்தான்.

'நோய் பரவிய இடம்: இக்குழுவின் கூட்டங்கள். பரப்பியோர்: சமூகமளித்தோர் பட்டியலைப் பார்க்க. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குத் தன் கையால் ஊட்டியவர்: செயலாளர்.'